சுற்றுலா வரி: ஊரை மாற்றுவதா, ஹோட்டலை மாற்றுவதா, மாதத்தை மாற்றுவதா?

வெளிநாட்டில் ரூம் தேடும்போது திரையில் பெரிய எழுத்தில் ஒரு விலை தெரியும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: “உள்ளூர் வரி இதில் சேராது, ஹோட்டலில் நேரடியாகச் செலுத்தவும்.” முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நின்று படிப்பவர்களும் “ஒரு இரவுக்கு 5 யூரோவா, 6 யூரோவா” என்று அளவை மட்டும் பார்த்துவிட்டு, சரி, பெரிய தொகை இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

அளவை விட முக்கியமானது அதைக் கணக்கிடும் முறை. தலைக்கு இவ்வளவா, அறைக்கு இவ்வளவா, அறை வாடகையில் இத்தனை சதவீதமா, நாட்டுக்குள் நுழைய ஒரே தடவை கட்டுவதா? இந்த நான்கில் எது என்று தெரிந்தால்தான் எதை மாற்றினால் பணம் மிச்சமாகும் என்று சொல்ல முடியும். சில ஊர்களில் ஹோட்டலின் நட்சத்திரத்தை ஒன்று குறைத்தால் போதும், சில இடங்களில் மாதத்தை மாற்ற வேண்டும். வேறு சில இடங்களில் என்ன செய்தாலும் அந்தத் தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். அங்கே போகலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் பார்க்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 15 வயதில் ஒரு பெண், 8 வயதில் ஒரு பையன். ஒரு ஊரில் ஐந்து இரவுகள்.

தலைக்கு வரி என்றால் பிள்ளைகளின் வயதைப் பாருங்கள்

பாரிஸையும் ரோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் தலைக்கு, இரவுக்கு என்றுதான் வரி. ஹோட்டலின் நட்சத்திரத்துக்கு ஏற்ப ஏறும். 2024இல் பாரிஸில் மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு 5.20 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 8.13, ஐந்து நட்சத்திரத்துக்கு 10.73, ‘பேலஸ்’ என்று தனித் தகுதி பெற்ற ஆடம்பர ஹோட்டல்களுக்கு 14.95. அதற்குப் பிறகும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ரோமில் 2023 அக்டோபரில் வந்த கட்டணப்படி மூன்று நட்சத்திரத்துக்கு 6 யூரோ, நான்குக்கு 7.50, ஐந்துக்கு 10. மூன்று நட்சத்திரத்தில் வித்தியாசம் ஒரு யூரோகூட இல்லை என்று தோன்றும்.

நம் குடும்பத்தை உள்ளே அனுப்பிப் பார்த்தால் கதை வேறு. பாரிஸில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு வரி கிடையாது. பெரியவர்கள் இருவருக்கு மட்டும், ஐந்து இரவுகளுக்கு 52 யூரோ. ரோமில் விலக்கு 10 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும்தான். பையன் தப்பித்தான், பெண் மாட்டிக்கொண்டாள். மூன்று பேர், ஐந்து இரவுகள், 90 யூரோ. பையனுக்கும் பத்து வயது ஆகிவிட்டால் 120. பார்க்க ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகளில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகிறது.

லிஸ்பனில் 2024 செப்டம்பர் முதல் இரவுக்கு 4 யூரோ. நட்சத்திர வித்தியாசம் இல்லை, 13 வயதிலிருந்து கட்ட வேண்டும். இங்கே 60 யூரோ. பார்சிலோனாவில் 16 வயது வரைக்கும் விலக்கு. ஆகவே பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பாரிஸ், பார்சிலோனா பக்கம் சாய்ந்தால் வரியில் லாபம். தம்பதியாகவோ தனியாகவோ போகிறவர்களுக்கு இந்த வித்தியாசமே இல்லை. அவர்கள் இதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

இந்த வகை வரிக்குப் பெரும்பாலும் ஓர் உச்சவரம்பு உண்டு. ரோமில் பத்து இரவுகள் வரை, லிஸ்பனிலும் பார்சிலோனாவிலும் ஏழு இரவுகள் வரை. அதற்கு மேல் தங்கினால் வரி நின்றுவிடும். ஆனால் ரோமிலும் பார்சிலோனாவிலும் இது ஒரே ஹோட்டலில் தொடர்ந்து தங்குகிறவர்களுக்கு. நடுவில் ஹோட்டலை மாற்றினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டு வாரம் ஒரே ஊரில் இருக்கப் போகிறவர்கள் “பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே” என்று பிரிப்பதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

சதவீதம் என்றால் பேரம் அறை விலையில்தான்

ஆம்ஸ்டர்டாம் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் வாங்குகிறது. ஐரோப்பாவிலேயே உயர்ந்த விகிதங்களில் இது ஒன்று. மதிப்புக் கூட்டு வரிக்கு முந்தைய விலையின் மேல் இதைக் கணக்கிடுகிறார்கள். வரிக்கு முன் 200 யூரோ அறை என்றால் இரவுக்கு 25 யூரோ, ஐந்து இரவுகளுக்கு 125. அறையில் இரண்டு பேர் இருந்தாலும் நான்கு பேர் இருந்தாலும் அதே 25தான். குழந்தைக்கு விலக்கு என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

இது போதாதென்று நெதர்லாந்தில் ஹோட்டல் தங்கலுக்கான மதிப்புக் கூட்டு வரி 2026 ஜனவரி முதல் 9 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக ஏறிவிட்டது. அந்த 200 யூரோ அறைக்கு 42 யூரோ மதிப்புக் கூட்டு வரி, 25 யூரோ சுற்றுலா வரி, ஆக மொத்தம் 267. மதிப்புக் கூட்டு வரி வழக்கமாக விலையிலேயே சேர்ந்துவிடும், சுற்றுலா வரி சில தளங்களில் சேரும், சிலவற்றில் சேராது. ஆகவே இரண்டு தளங்களில் ஒரே ஹோட்டலின் விலை வேறுபட்டால் “இது மலிவு” என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசிப் பக்கம் வரை போய், பணம் கட்டும் இடத்தில் நிற்கும் மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

பெர்லின் 2025 முதல் 7.5 சதவீதம். முன்பு 5 சதவீதமாக இருந்தது. எடின்பரோவில் 2026 ஜூலை 24 முதல் 5 சதவீதம், முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்.

சதவீத முறை மலிவான அறையில் தங்குகிறவர்களுக்கு நியாயமான முறை என்பது என் கருத்து. 40 யூரோ படுக்கைக்கு ஆம்ஸ்டர்டாமில் 5 யூரோதான் வரி. ஆனால் விழாக் காலத்தில், விடுமுறை வார இறுதியில் அறை விலை ஏறும்போது வரியும் கூடவே ஏறும். ரோமில் அப்படி இல்லை, எந்த நாளில் போனாலும் அதே 6 யூரோ. ஆக, சதவீத ஊர்களுக்குக் கூட்டம் குறைந்த நாளில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அறைக்கு என்றால் எத்தனை அறை எடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி

கிரீஸில் ‘காலநிலை நெருக்கடித் தாங்குதிறன் கட்டணம்’ என்று நீளமான பெயரில் ஒன்று இருக்கிறது. அறைக்கு, இரவுக்கு. 2025இலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒன்று, இரண்டு நட்சத்திர ஹோட்டல்களுக்கு 2 யூரோ, மூன்றுக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. ஏர்பிஎன்பி போன்ற குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8 யூரோ. மற்ற மாதங்களில் எல்லாமே வெகுவாகக் குறைகிறது. மூன்று நட்சத்திரத்துக்கு 1.50தான்.

நம் குடும்பம் ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்கினால் மூன்று நட்சத்திரத்தில் ஐந்து இரவுகளுக்கு 25 யூரோ. பெண்ணுக்கும் பையனுக்கும் தனி அறை எடுத்தால் 50. இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு எடுத்தால் 40. அதே குடும்பம் நவம்பரில் போய் ஹோட்டலில் ஒரே அறை எடுத்தால் 7.50. இங்கே மாதத்தை மாற்றுவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் தீவுகளுக்குப் போகத் திட்டம் என்றால் நவம்பரில் பல ஹோட்டல்கள் மூடியிருக்கும், படகுகளும் குறைந்துவிடும். ஏதென்ஸுக்கு மட்டும் என்றால் தாராளமாக நவம்பரில் போகலாம்.

மலேசியா 2017 முதல் வெளிநாட்டவரிடம் அறைக்கு, இரவுக்கு 10 ரிங்கிட் வாங்குகிறது. துபாயில் ‘டூரிசம் திர்ஹம்’ என்ற பெயரில் ஹோட்டல் தரத்தைப் பொறுத்து அறைக்கு 7 முதல் 20 திர்ஹம். இரண்டுமே சிறிய தொகை, முடிவை மாற்றக்கூடியவை அல்ல. செக்-இன் மேசையில் கேட்டால் திடுக்கிடாமல் இருந்தால் போதும்.

கியோத்தோவின் படிக்கட்டு

ஜப்பானின் கியோத்தோ தலைக் கணக்கையும் வாடகைக் கணக்கையும் கலந்து படிப்படியாக ஏறும் ஒரு கட்டணத்தை வைத்திருக்கிறது. 2026 மார்ச் 1 முதல், தலைக்கு ஒரு இரவு வாடகை 6,000 யென்னுக்குக் கீழே என்றால் 200 யென். 6,000 முதல் 20,000க்குள் என்றால் 400. 20,000 முதல் 50,000க்குள் 1,000. அதற்கு மேல் 1 லட்சம் வரை 4,000. 1 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 10,000 யென்.

இருவருக்கு 38,000 யென் அறை எடுத்தால் தலைக்கு 19,000, ஆகவே வரி 400 யென் வீதம் 800. 42,000 யென் அறை எடுத்தால் தலைக்கு 21,000, வரி 2,000. வாடகையில் 4,000 கூடினால் வரி 1,200 கூடுகிறது. மேலே போகப் போகக் குதிப்பு பெரிது. தலைக்கு 49,000 யென் வரும் பாரம்பரிய ரியோகான் விடுதியில் வரி 1,000. 51,000 என்றால் 4,000. அறை விலை ஒரு படியின் விளிம்பில் நிற்கிறது என்றால் ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்திப் பார்ப்பது நல்லது. நடுத்தர விலையில் தங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை.

டோக்கியோ பல ஆண்டுகளாக 100, 200 யென்னோடு நின்றுவந்த ஊர். அதற்காகக் கியோத்தோவை விட்டுவிட்டு டோக்கியோவிலேயே இருந்துவிடலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். 400 யென்னுக்காகக் கியோத்தோவைத் தவறவிடுவதற்கு ஜப்பானுக்கே போக வேண்டியதில்லை.

உள்ளே தங்குவதா, வெளியே தங்கிப் போய் வருவதா?

வரியிலிருந்து தப்பிக்கப் பலர் செய்யும் காரியம், பக்கத்து ஊரில் தங்கிக்கொண்டு பகலில் போய் வருவது. அதற்கு வெனிஸ் ஒரு தடுப்பு போட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில், பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2024இல் 29 நாட்கள், 2025இல் 54 நாட்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. காலை 8.30 முதல் மாலை 4 வரை. நான்கு நாள் முன்னதாகப் பதிவு செய்தால் 5 யூரோ, அதற்குப் பிறகு என்றால் 10. கட்டாமல் பிடிபட்டால் அபராதம் 50 முதல் 300 யூரோ. 14 வயதுக்குக் கீழே விலக்கு.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கால்வாய்களுக்கு நடுவே வெனிஸிலேயே தங்குவது. தங்கும் வரி உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டாவது, பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்குவது. மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிக்குள்தான் வருகிறது. அதனால் அங்கே தங்குகிறவர்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் விலக்குக்கான கியூஆர் கோடை இணையத்தில் பதிவு செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். “நான் ஹோட்டலில் தங்கியிருக்கிறேன்” என்று வாயால் சொன்னால் செல்லாது. மூன்றாவது, ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பதுவாவில் தங்குவது. அங்கே தங்கும் வரியைப் பதுவாவுக்குக் கட்ட வேண்டும், வெனிஸுக்குள் நுழையும் நாளுக்குத் தனியாகவும் கட்ட வேண்டும். நம் குடும்பத்துக்கு மூன்று பேருக்கு 15 யூரோ, தாமதமாகப் பதிவு செய்தால் 30. ரயில் கட்டணம் வேறு.

ஒரே ஒரு நாள் வெனிஸ் பார்த்தால் போதும் என்றால் பதுவாதான் லாபம். அறை வாடகையில் இருக்கும் வித்தியாசம் 15 யூரோவை விழுங்கிவிடும். திங்கள் முதல் வியாழனுக்குள் போனால் பெரும்பாலும் அந்தப் 15 யூரோவும் இல்லை. மாலை நான்கு மணிக்கு மேல் போனாலும் இல்லை. இரண்டு மூன்று நாள் வெனிஸில் சுற்ற ஆசை என்றால் மெஸ்த்ரேயைச் சொல்வேன்.

கப்பலில் வருகிறவர்களுக்கும் இப்போது தனிக் கட்டணங்கள் வந்துவிட்டன. சான்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் 2025 ஜூலை முதல், கோடைக் காலத்தில் தலைக்கு 20 யூரோ.

ஒரே தடவைக் கட்டணமும் தினசரிக் கட்டணமும்

பாலி 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் 1,50,000 ரூபியா வாங்குகிறது. மூன்று நாள் தங்கினாலும் முப்பது நாள் தங்கினாலும் அதேதான். நியூசிலாந்து தன் பயணிக் கட்டணத்தை 2024 அக்டோபரில் 35 நியூசிலாந்து டாலரிலிருந்து ஒரேயடியாக 100 ஆக்கியது. விசா அல்லது மின்னணுப் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். இந்த வகையில் நீண்ட நாள் தங்குகிறவர்களுக்குத்தான் லாபம். ஐந்து நாள் நியூசிலாந்துப் பயணத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 20 டாலர் விழும். மூன்று வாரம் என்றால் 5 டாலர்கூட இல்லை. அவ்வளவு தூரம் போய் ஐந்தே நாளில் திரும்புகிறவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

எதிர்ப்பக்கத்தில் பூட்டான் இருக்கிறது. அங்கே ‘நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்’ தலைக்கு, இரவுக்கு 100 அமெரிக்க டாலர். 2022இல் 200 ஆக இருந்ததை 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்தார்கள். 2027 ஆகஸ்ட் இறுதி வரை இந்த விகிதம் என்று அறிவித்திருக்கிறார்கள். 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குப் பாதி. நம் குடும்பத்துக்கு ஒரு இரவு 350 டாலர், ஐந்து இரவுகள் 1,750 டாலர். ஹோட்டல், சாப்பாடு, கார் எல்லாம் இதற்கு மேல். இந்தியர்களுக்கு மட்டும் தனி விகிதம், இரவுக்கு 1,200 ரூபாய். பூட்டான் கூட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றே விலையை ஏற்றி வைத்த நாடு. இங்கே வரியைக் குறைக்கும் சாமர்த்தியம் எதுவும் பலிக்காது. நாட்களைக் குறைப்பதா, வேறு நாட்டுக்குப் போவதா என்று யோசிக்க வேண்டியதுதான்.

மாலத்தீவு இன்னும் சிக்கல். அங்கே விலையோடு இரண்டு கூட்டல் குறிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் கூட்டல் 10 சதவீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது சுற்றுலாப் பொருள் சேவை வரி. அது 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இரவுக்கு 400 டாலர் என்று போட்டிருக்கும் ரிசார்ட் அறைக்குச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 440, அதன் மேல் 17 சதவீதம் சேர்ந்தால் 514.80. பிறகு பசுமை வரி. 2025 முதல் ரிசார்ட்டில் தலைக்கு, இரவுக்கு 12 டாலர், நான்கு பேருக்கு 48. 400 டாலர் அறை 562.80 ஆகிவிட்டது. மக்கள் வாழும் தீவுகளில், 50 அறைகளுக்குக் குறைந்த விருந்தினர் இல்லங்களில் பசுமை வரி பாதி, 6 டாலர்தான். அறை விலையும் மிகக் குறைவு என்பதால் அதன் மேல் ஏறும் சதவீதமும் குறைகிறது. கடலும் மணலும் போதும் என்கிறவர்கள் அந்தத் தீவுகளைத் தேர்ந்தெடுத்தால், இந்தக் கட்டுரையில் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு மிச்சம்.

டிக்கெட்டுக்குள் இருப்பவை

ஜப்பான் நாட்டைவிட்டுக் கிளம்புகிறவர்களிடம் 2019 ஜனவரி முதல் 1,000 யென் வாங்குகிறது. அதை 2026 ஜூலையிலிருந்து 3,000 ஆக்க முடிவு செய்திருக்கிறார்கள். மாலத்தீவிலிருந்து கிளம்பும் வெளிநாட்டவருக்குப் புறப்பாட்டு வரி மட்டும் எகானமி வகுப்பில் 50 டாலர், பிசினஸில் 120. பிரிட்டனில் விமானப் பயணி வரி. எல்லாம் டிக்கெட் விலையில் சேர்ந்தே வரும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். பிரிட்டனில் மட்டும் இரண்டு விஷயம். 16 வயதுக்குக் கீழே எகானமியில் விலக்கு உண்டு. லண்டன் வழியாக வேறு நாட்டுக்கு மாறிப் போகிறவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுத்து 24 மணி நேரத்துக்குள் கிளம்பினால் அந்த வரி விழாது. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விழும். இப்படிப்பட்ட டிக்கெட்டை ரத்து செய்தால், கட்டணம் திரும்ப வராத டிக்கெட்டாக இருந்தாலும், பறக்காத பயணத்தின் இந்த வரியை விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். கேட்டால்தான் தருவார்கள். சில நிறுவனங்கள் அதிலும் ஒரு கையாளும் கட்டணம் பிடிக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்

அமெரிக்க ஹோட்டல்களில் ‘ரிசார்ட் ஃபீ’ என்று வருவது வரி அல்ல, ஹோட்டலே போடும் கட்டணம். 2025 மே 12 முதல் அதை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அங்கே விதி வந்துவிட்டது. அரசு வரிகளை மட்டும் கடைசியில் சேர்க்கலாம். எந்த நாட்டிலும் ரசீதில் வரி என்று தனியாக எழுதாத தொகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

வாடகை வீட்டுத் தளங்கள் பல ஊர்களில் வரியைத் தாங்களே வசூலித்துவிடுகின்றன. வீட்டுக்காரர் அப்புறமும் கேட்டால் முன்பதிவு ரசீதைத் திறந்து காட்டுங்கள். இத்தாலியில் சில இடங்களில் இதை ரொக்கமாகத்தான் கேட்பார்கள், கையில் கொஞ்சம் யூரோ இருக்கட்டும்.

கட்டிய வரிக்குக் கைமேல் ஏதாவது திரும்பக் கொடுக்கும் இடங்களும் உண்டு. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் தங்கும் வரி கட்டினால் கோனஸ் விருந்தினர் அட்டை கிடைக்கும். அதைக் காட்டி உள்ளூர்ப் பேருந்திலும் ரயிலிலும் இலவசமாகப் போகலாம். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரமும் இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாகாணமும் இப்படியே தருகின்றன. சுவிஸ் போக்குவரத்துக் கட்டணம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அந்த இடங்களில் தனியாகப் பயணச் சீட்டுத் தொகுப்பு வாங்குவதற்கு முன் ஹோட்டலில் என்ன தருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். செக்-இன் செய்யும்போது அவர்களாக நீட்டாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

கடைசியாகத் தேதி. பொதுவாக வரி விகிதம் நீங்கள் முன்பதிவு செய்த நாளை வைத்து அல்ல, தங்கும் நாளை வைத்துத்தான் முடிவாகும். எடின்பரோ போல, 2025 அக்டோபருக்கு முன் பதிவு செய்து பணமும் கட்டியவர்களுக்கு விலக்கு தந்த ஊர்கள் உண்டு, ஆனால் அதை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஆறு மாதம் முன்னால் பார்த்த தொகையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்த நகராட்சியின் தளத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.